தொலைத்தொடர்பு–ஏஐ பேராசிரியர் ஆக வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைத்தொடர்பையும் செயற்கை நுண்ணறிவையும் சேர்த்து ஆராயும் பேராசிரியர் பணிக்கு எப்படிப் போவது, அங்கே என்ன நடக்கும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பப் படிக்க நினைக்கும் பொறியாளர்களும் கேட்கிறார்கள். அவர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. பதவிப் பெயர்களும் விதிகளும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் வேலையின் தன்மை பெரும்பாலும் எங்கும் ஒன்றுதான்.

தொலைத்தொடர்பு வேறு, ஏஐ வேறு அல்லவா? ஒரே ஆள் இரண்டுக்கும் எப்படிப் பேராசிரியராக இருக்க முடியும்?

வெளியிலிருந்து பார்த்தால் வேறுதான். ஒரு பக்கம் ஆன்டெனா, அலைக்கற்றை, கோபுரம். இன்னொரு பக்கம் தரவு, மாடல், பயிற்சி. உள்ளே போனால் இரண்டிலும் மையக் கேள்வி ஒன்று: இரைச்சல் கலந்து கையில் கிடைத்ததை வைத்து, மூலத்தில் இருந்தது எது என்று ஊகிப்பது எப்படி? மொபைலில் உள்ள ரிசீவர் அதைத்தான் செய்கிறது. படத்தைப் பார்த்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் நியூரல் நெட்வொர்க்கும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது.

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1948இல் தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன், 1956இல் டார்ட்மவுத்தில் நடந்த ஏஐ பட்டறைக்கான முன்மொழிவில் கையெழுத்திட்ட நால்வரில் ஒருவர். ஒரு வாக்கியத்தில் அடுத்து என்ன எழுத்து வரும் என்று மனிதர்களை ஊகிக்கச் சொல்லி, ஆங்கிலத்தின் என்ட்ரோபியை (ஓர் எழுத்து சராசரியாக எவ்வளவு தகவலைச் சுமக்கிறது என்ற அளவை) 1951இலேயே அளந்தவரும் அவர்தான். இன்றைய மொழி மாடல்கள் அடுத்த சொல்லை ஊகிப்பதை அந்தச் சோதனையின் நேர் வாரிசு என்றே சொல்லலாம்.

1960இல் ஸ்டான்ஃபோர்டில் பெர்னார்ட் விட்ரோவும் மார்சியன் ஹாஃபும் உருவாக்கிய எல்எம்எஸ் என்ற, பிழையைப் பார்த்துப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அல்காரிதம், அடலைன் என்ற ஆரம்பகால நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்க வந்தது. அதே அல்காரிதம் தொலைபேசி இணைப்புகளில் எதிரொலியை நீக்கவும் மோடங்களில் சிக்னலைச் சீர்செய்யவும் பயன்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஃபிரெட் ஜெலினெக். எம்ஐடியில் தகவல் கோட்பாட்டில் முனைவர் பட்டம் வாங்கி, கார்னெல்லில் பேராசிரியராக இருந்து, 1972இல் ஐபிஎம் போனார். அங்கே பேச்சை எழுத்தாக்கும் ஆய்வுக்குழுவை நடத்தினார். பேசுபவரை டிரான்ஸ்மிட்டராகவும் கேட்கும் கணினியை டிகோடராகவும் வைத்துப் பார்த்தது அந்தக் குழு. 1974இல் அவரும் மூன்று சகாக்களும் வெளியிட்ட பிசிஜேஆர் என்ற, இரைச்சலில் சிதைந்த செய்தியை மீட்கும் டிகோடிங் அல்காரிதத்தைப் பல வருடங்கள் பெரிதாக யாரும் சீண்டவில்லை. 1993இல் பிரான்சிலிருந்து டர்போ கோடுகள் (கோடு, அதாவது code: பிழையைத் திருத்துவதற்காகச் செய்தியோடு கூடுதல் பிட்டுகளைச் சேர்க்கும் முறை) வந்தபோது, அவற்றின் டிகோடருக்கு இதயமாக அமைந்தது அதுதான். அதோடு முடியவில்லை. டர்போ டிகோடிங், ஜூடியா பேர்ல் 1982இல் ஏஐக்காகச் சொன்ன பிலீஃப் புரொபகேஷன் என்ற ஊகிக்கும் முறையின் ஒரு வடிவம் என்று 1998இல் காட்டினார்கள். இரண்டு துறைகளும் ஒன்றுக்கொன்று தெரியாமலே ஒரே கருவியைச் செய்துகொண்டிருந்திருக்கின்றன. ஜெலினெக்கோ 1993இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேராசிரியராகத் திரும்பிவந்து, 2010இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

ஆகவே 'இரண்டு துறை' என்ற பிரிவு பல்கலைக்கழக நிர்வாகத்தின் வசதிக்காக வந்தது. சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர் மின்னணுவியல் துறையில் இருக்குமா, கணினி அறிவியல் துறையில் இருக்குமா என்பது வேறு விஷயம். அது பின்னால் வரும்.

இளநிலையில் எதைப் படித்திருக்க வேண்டும்?

மின்னணுவியல், மின்பொறியியல், கணினி அறிவியல், கணிதம், இயற்பியல் என எதுவானாலும் சரி. பட்டத்தின் பெயரைவிட நான்கு விஷயங்கள் கையில் இருக்கின்றனவா என்றுதான் நல்ல நெறியாளர்கள் பார்ப்பார்கள்: நிகழ்தகவும் ரேண்டம் பிராசஸும் (நேரத்தோடு தற்செயலாக மாறும் அளவுகளின் கணிதம்), நேரியல் இயற்கணிதம், ஃபூரியர் மாற்றமும் சிக்னல் பிராசஸிங்கும், உகப்பாக்கம் (ஆப்டிமைசேஷன்). புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இந்த நான்கில் மாணவர்கள் அதிகம் தப்பிக்கப் பார்ப்பது ரேண்டம் பிராசஸ். அதை விட்டுவிட்டு நேரே டீப் லேர்னிங் பயிற்சிக்குப் போனவர்களை ஆய்வின் இரண்டாம் வருடத்தில் அடையாளம் கண்டுவிடலாம். மாடல் ஓடும், கிராஃப் வரும். அந்தக் கிராஃப் ஏன் அப்படி வளைகிறது என்று கேட்டால் பதில் வராது.

பிஎச்டியை எந்தப் பக்கம் செய்வது? தொலைத்தொடர்பிலா, ஏஐயிலா?

என் கருத்து ஒருதலைப்பட்சமானது. முதலில் ஒன்றில் ஆழமாகப் போங்கள், பிறகு மற்றதற்குள் நுழையுங்கள். அந்த முதல் ஒன்று தொலைத்தொடர்பாக இருந்தால் இன்னும் நல்லது. ஏஐ பக்கக் கருவிகள் வேகமாக மாறுகின்றன, அவற்றைப் பின்னால் கற்றுக்கொள்ளலாம். ஃபேடிங் சானல் (சிக்னலின் வலிமை ஏறி இறங்கும் ரேடியோ பாதை) எப்படி நடந்துகொள்கிறது, ஷானன் வரம்பு (ஒரு சானலில் பிழையின்றி அனுப்பக்கூடிய உச்ச வேகம்) எங்கே இருக்கிறது, பிழை திருத்தும் கோடு ஏன் வேலை செய்கிறது என்பதையெல்லாம் அவசரமாகக் கற்க முடியாது. இதற்கு மாற்றுக்கருத்து உள்ளவர்களும் உண்டு. லேர்னிங் தியரியில் தேர்ந்த ஒருவர் தொலைத்தொடர்புக்கு வந்து நல்ல வேலை செய்திருப்பதையும் மறுக்க முடியாது. இரண்டிலும் அரைகுறையாகத் தொடங்குவதுதான் ஆபத்து.

காலம் என்று பார்த்தால், முதுநிலைக்குப் பிறகு சேரும் ஐரோப்பிய முறையில் பொதுவாக 3 முதல் 4 வருடம். இளநிலை முடித்ததும் நேராகச் சேரக்கூடிய அமெரிக்க முறையில் 5 அல்லது 6 வருடம்.

நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதில் பெயரையும் விருதையும் மட்டும் பார்க்காதீர்கள். அவருடைய பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இடையில் எத்தனை பேர் விலகினார்கள் என்று விசாரியுங்கள். இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். 'வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்க முடியுமா?' என்ற சாதாரணக் கேள்விக்கு அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதிலேயே பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஆய்வுத் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஏஐ என்றால் எதைச் செய்தாலும் கட்டுரை வந்துவிடுகிறதே?

வந்துவிடுகிறது என்பது உண்மைதான். நிற்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தத் துறையில் ஒரு பேராசிரியரின் பெயர் கெடுவதும் நிலைப்பதும் பெரும்பாலும் ஒரே இடத்தில்: அவர் எதோடு ஒப்பிட்டார் என்பதில்.

2017இல் டிமதி ஓஷீயும் ஜேக்கப் ஹோய்டிஸும் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் இரண்டையும் சேர்த்து ஒரே ஆட்டோஎன்கோடராக (உள்ளே வந்ததை வேறு வடிவாக்கி மறுபடி மீட்கும் நியூரல் நெட்வொர்க்காக) பயிற்றுவிக்கும் யோசனையை வெளியிட்டார்கள். துறையே திரும்பிப் பார்த்தது. குறியீட்டியல் (பிழை திருத்தும் கோடுகளின் கணிதம்) எதுவும் சொல்லித்தராமலேயே அந்த நெட்வொர்க், 4 பிட்டை 7 முறை சானலில் அனுப்பும் கணக்கில், ஹாம்மிங் கோடு மிகச் சிறந்த டிகோடருடன் தரும் அளவுக்கான செயல்திறனை எட்டிவிட்டது. பிரமாதம். ஆனால் ஹாம்மிங் அந்தக் கோடை வெளியிட்டது 1950இல். 4 பிட்டுக்குச் செய்திகள் 16தான். 100 பிட் என்றால் 2இன் 100 மடி, அதாவது ஒன்றுக்குப் பின்னால் 30 பூஜ்யம் வரும் அளவுக்குச் செய்திகள். அத்தனையையும் பயிற்சியில் காட்ட முடியாது. எல்டிபிசி என்ற பிழை திருத்தும் கோடு போன்றவையோ ஆயிரக்கணக்கான பிட்டுகளைச் சர்வசாதாரணமாகக் கையாள்கின்றன.

இதை ஏஐக்கு எதிரான வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏஐ எங்கே வெல்லும் என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பேராசிரியரின் உண்மையான வேலை. சானலுக்குச் சரியான கணித மாடல் இருக்கிறது, அதற்கு உகந்த அல்காரிதமும் இருக்கிறது, அது மலிவாக ஓடவும் செய்கிறது என்றால் அங்கே ஏஐக்குப் பெரிய வேலை இல்லை. மாடலே சரியில்லாத இடம், அல்லது உகந்த அல்காரிதம் தெரிந்தும் கணக்கிட முடியாத அளவுக்குக் கனமான இடம், இந்த இரண்டில்தான் கை வைக்க வேண்டும்.

செல்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி, தன் 18ஆம் வெளியீட்டில் ரேடியோ இணைப்புக்கு ஏஐயை ஆராய எடுத்துக்கொண்டவை மூன்று: சானல் நிலவரத்தைக் கோபுரத்துக்குச் சுருக்கித் திருப்பி அனுப்புவது, எந்தத் திசைக் கற்றையைப் பயன்படுத்துவது என்று முன்கூட்டியே ஊகிப்பது, கருவி இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கண்டறிவது. மூன்றுமே கணித மாடல் தடுமாறும் இடங்கள்.

புகழ்பெறாத தலைப்பில் மாட்டிக்கொண்டால் வாழ்க்கை வீணாகிவிடாதா?

ராபர்ட் கல்லாகர் 1960இல் எம்ஐடியில் சமர்ப்பித்த ஆய்வேடுதான் எல்டிபிசி கோடு. அன்றைய கணினிகளுக்கு அது மிகவும் கனம். அதனால் கிட்டத்தட்ட மறந்தே போனார்கள். 1990களின் நடுவில் டேவிட் மெக்கேயும் ராட்ஃபோர்ட் நீலும் அதைத் தோண்டி எடுத்தார்கள். மெக்கே, நீல் இருவருமே மெஷின் லேர்னிங் பக்கத்து ஆட்கள் என்பதைக் கவனியுங்கள். இன்று 5ஜியில் தரவு போகும் சானல்களில் இருப்பது எல்டிபிசி. கன்ட்ரோல் சானல்களில் இருப்பது போலார் கோடு. அதை 2009இல் வெளியிட்ட எர்டால் அரிகான், கல்லாகரிடம் பிஎச்டி செய்தவர். 1987இல் துருக்கியின் பில்கெண்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்.

சரி, எல்லா மறந்துபோன தலைப்பும் இப்படித் திரும்பி வராது. கல்லாகரும் எல்டிபிசியையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, பல வேறு வேலைகள் செய்தார். வேலை நிரந்தரமாகும்வரை கையில் இரண்டு வகைக் கணக்கு இருப்பது நல்லது: ஒரு வருடத்தில் முடியக்கூடிய ஒன்று, எப்போது முடியும் என்று தெரியாத ஒன்று.

போஸ்ட்டாக் கட்டாயமா?

போஸ்ட்டாக் என்பது பிஎச்டிக்குப் பிறகு செய்யும் தற்காலிக ஆய்வுப் பணி. கட்டாயம் இல்லை, ஆனால் வழக்கமாகிவிட்டது. ஒன்று முதல் மூன்று வருடம் வேறோர் ஆய்வகத்தில், முடிந்தால் வேறு நாட்டில் இருப்பது நல்லது. பிஎச்டி நெறியாளரின் நிழலிலிருந்து வெளியே வந்ததை அது காட்டும். பிஎச்டி தொலைத்தொடர்பில் என்றால் போஸ்ட்டாக்கை லேர்னிங் ஆய்வகத்தில் செய்வது சரியான கணக்கு. இந்தத் துறைக்குத் தேவையான இரண்டாவது காலை ஊன்ற அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. மூன்று வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் போஸ்ட்டாக்காக நீடிப்பது மட்டும் வேண்டாம்.

உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எதைப் பார்ப்பார்கள்?

ஆய்வுத் திட்டம், கற்பித்தல் குறிப்பு, கட்டுரைப் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள். சுருக்கப் பட்டியலில் வந்தால் துறையின் முன் ஓர் உரை, தனித்தனிச் சந்திப்புகள், சில இடங்களில் மாதிரி வகுப்பு.

இதில் எடை அதிகம் கடிதங்களுக்குத்தான். 'நல்ல மாணவர், கடின உழைப்பாளி' என்று எழுதும் கடிதத்தால் பயனில்லை. 'இந்தக் கணக்கில் இவர் செய்தது இதுதான், மற்றவர்கள் அதன்பிறகு வழியை மாற்றிக்கொண்டார்கள்' என்று எழுதக்கூடிய, உங்கள் நெறியாளர் அல்லாத இரண்டு பேர் வேண்டும். அவர்களை விண்ணப்பிக்கும் வருடத்தில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். மாநாட்டில் அவர்கள் கேட்ட கேள்விக்கு நீங்கள் பிறகு விளக்கமாக எழுதி அனுப்பியிருந்தால், ஒருவேளை கிடைப்பார்கள்.

உரையில் இந்தத் துறைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. முன்வரிசையில் பாதிப் பேருக்கு நியூரல் நெட்வொர்க் மேல் சந்தேகம், மீதிப் பேருக்கு 4ஜி, 5ஜி அலைகளுக்கு அடிப்படையான ஓஎஃப்டிஎம் என்றால் என்னவென்று தெரியாது. முதல் பத்து நிமிடத்தில் இரு தரப்புக்கும் கணக்கு என்ன என்று புரியவைக்க முடியாவிட்டால் மீதி நேரம் வீண். ஸ்லைடுகளைக் குறையுங்கள்.

டென்யூர் என்கிறார்களே, அது என்ன?

அமெரிக்க முறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஏறத்தாழ ஆறாவது வருடத்தில் பணியை மதிப்பிடுவார்கள். தேறினால் இணைப் பேராசிரியர், பணி நிரந்தரம். தேறாவிட்டால் வெளியேற வேண்டியதுதான். தகுதிகாண் காலம் 7 வருடத்தைத் தாண்டக் கூடாது என்று அங்குள்ள பேராசிரியர் சங்கத்தின் 1940 அறிக்கையே சொல்கிறது. இணைப் பேராசிரியராகச் சில வருடம் இருந்தபின் முழுப் பேராசிரியர். பிரிட்டனில் லெக்சரர், சீனியர் லெக்சரர், ரீடர், புரொஃபசர் என்பது மரபான படிவரிசை. ஜெர்மனியில் ஹபிலிடேஷன் என்ற இரண்டாவது பெரிய ஆய்வேட்டை எழுதி வருவது பழைய வழி. 2002 முதல் ஜூனியர் பேராசிரியர் என்ற மாற்று வழியும் உண்டு.

கட்டுரையை எங்கே வெளியிடுவது? ஜர்னலா, மாநாடா?

இங்கேதான் இரண்டு துறைகளின் பழக்கமும் முட்டிக்கொள்கிறது. தொலைத்தொடர்பில் ஐஇஇஇ என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பின் டிரான்ஸாக்ஷன்ஸ் ஜர்னல்களுக்குத்தான் மதிப்பு. ஐசிசி, குளோப்காம் மாநாடுகளுக்கு ஆறு பக்கக் கட்டுரையை அனுப்பி, பிறகு விரித்து ஜர்னலுக்குக் கொடுப்பார்கள். ஜர்னலில் ஒரு கட்டுரை வெளிவர ஒரு வருடம் ஆவதும் சகஜம். மெஷின் லேர்னிங்கிலோ நியூரிப்ஸ், ஐசிஎம்எல், ஐசிஎல்ஆர் மாநாடுகள்தான் உச்சம். ஜர்னல் இரண்டாம்பட்சம். அதற்கும் முன்பே ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுவார்கள்.

உங்களை மதிப்பிடும் குழு எந்தப் பக்கத்தது என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். மின்னணுவியல் துறையின் குழுவில் நியூரிப்ஸ் கட்டுரை 'வெறும் மாநாட்டுக் கட்டுரை'யாகத் தெரியலாம். கணினித் துறைக் குழுவுக்கு டிரான்ஸாக்ஷன்ஸ் பெயர்களே பழக்கமில்லாமல் இருக்கலாம். இரண்டு துறையிலும் பாதிப் பாதி நியமனம் என்று ஒரு வாய்ப்பு வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கூட்டங்கள் இரண்டு மடங்கு, எதிர்பார்ப்பும் இரண்டு மடங்கு, பாதுகாப்பு மட்டும் பாதி. புதிதாகச் சேர்பவர் ஒரே துறையில் முழு நியமனம் கேட்பது நல்லது. மற்றதோடு மரியாதை நிமித்தமான இணைப்பு போதும்.

ஹெச்-இன்டெக்ஸ் எவ்வளவு இருக்க வேண்டும்?

இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் சொன்ன அளவீடு அது. குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20 இருந்தால் ஹெச்-இன்டெக்ஸ் 20. ஏஐ பக்கம் மேற்கோள் மழை கொட்டும், குறியீட்டியலில் தூறல்தான். இரண்டு பக்கத்து எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அநியாயம். ஜர்னலின் எண்களை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்று 2012இன் சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் சொல்கிறது, பல பல்கலைக்கழகங்கள் அதில் கையெழுத்தும் போட்டிருக்கின்றன. அப்படியிருந்தும் குழு அறையில் யாராவது ஒருவர் போனில் எண்ணைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

பெரிய கம்பெனிகளிடம் ஆயிரக்கணக்கில் ஜிபியு (ஏஐ பயிற்சிக்கு உதவும் சிப்) இருக்கும்போது பல்கலைக்கழகத்தில் என்ன செய்ய முடியும்?

பெரிய மொழி மாடல்களைப் பயிற்றுவிப்பதில் போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். ஆனால் தொலைத்தொடர்பு இதில் அதிர்ஷ்டமான துறை, ஏனென்றால் இங்கே வேண்டியது பெரிய மாடல் இல்லை, சின்ன மாடல். 5ஜியில் ஒரு ஸ்லாட்டின் (ஒரு தவணையில் தரவு அனுப்பும் நேரத்துண்டின்) நீளம், துணைக்கேரியர்களின் (அலைக்கற்றையைப் பிரித்த சிறு அலைகளின்) இடைவெளி 15 கிலோஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லிவினாடி, 30 என்றால் அரை மில்லிவினாடி. அதற்குள் ரிசீவர் சானலைக் கணித்து, சீர்செய்து, டிகோட் செய்து, 'வந்தது, வரவில்லை' என்று பதிலும் சொல்லத் தயாராக வேண்டும். அதுவும் பேட்டரியில் ஓடும் சிப்பில். இந்த நெருக்கடிக்குள் பொருந்தும் நெட்வொர்க்கை வடிவமைப்பது நல்ல மூளையும் ஒன்றிரண்டு ஜிபியுவும் உள்ள ஆய்வகத்தால் முடிகிற காரியம்.

சிமுலேஷனுக்கு என்விடியா 2022இல் திறந்த மூலமாக வெளியிட்ட சியோனா இருக்கிறது. மென்பொருள் வழி ரேடியோவுக்கு குனு ரேடியோ 2001 முதல் இருக்கிறது. பற்றாக்குறை எல்லாம் உண்மையான அளவீட்டுத் தரவில்தான். ஆபரேட்டர்கள் தங்கள் நெட்வொர்க் தரவை லேசில் தரமாட்டார்கள். சிமுலேட்டர் உருவாக்கிய சானலில் பயிற்றுவித்து, அதே சிமுலேட்டரில் சோதித்து, 'அபாரம்' என்று முடிக்கும் கட்டுரைகள் இதனால்தான் குவிகின்றன. வெளியே போய் ஆன்டெனாவை வைத்து அளந்து, அந்தத் தரவை எல்லோருக்கும் திறந்துவைக்கும் பேராசிரியருக்கு, பத்துக் கட்டுரை தராத பெயர் கிடைக்கும். அந்த வேலைக்கு ஆள் குறைவு.

ஆய்வுக்கான பணம் எங்கிருந்து வரும்?

அரசு ஆய்வு நிதி, பன்னாட்டுக் கூட்டுத் திட்டங்கள், சிப் மற்றும் நெட்வொர்க் கருவி செய்யும் நிறுவனங்கள். கம்பெனிப் பணம் வேகமாக வரும், வேகமாக நிற்கவும் செய்யும். ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளை மட்டும் இரண்டு முறை படியுங்கள்: மாணவர் கட்டுரை வெளியிடுவதை அவர்கள் எவ்வளவு காலம் தள்ளிப்போடலாம், காப்புரிமை யாருக்கு. மற்றதைப் பல்கலைக்கழக அலுவலகம் பார்த்துக்கொள்ளும்.

கம்பெனிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே போய்வர முடியுமா?

இந்தத் துறையில் அது வழக்கமே. ஆண்ட்ரூ விட்டர்பி தன் அல்காரிதத்தை 1967இல் வெளியிட்டபோது யுசிஎல்ஏவில் (லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில்) ஆசிரியர். பிறகு இர்வின் ஜேக்கப்ஸ் முதலானவர்களுடன் சேர்ந்து 1985இல் செல்பேசிச் சிப் நிறுவனமான குவால்காமைத் தொடங்கினார். ஜேக்கப்ஸும் முன்னாள் பேராசிரியர்தான். ஆரோக்கியசாமி பால்ராஜ் வந்தது எதிர்த் திசையில். இந்தியக் கடற்படையில் சோனார் உருவாக்கி, ஓய்வுபெற்றபின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய், பல ஆன்டெனாக்களால் ஒரே அலைவரிசையில் பல தரவோட்டங்களை அனுப்பும் மிமோவுக்கு 1994இல் காப்புரிமை பெற்றார். 2014இல் தொலைத்தொடர்பின் உயரிய விருதான மார்கோனி பரிசு. நூற்றுக்கணக்கான ஆன்டெனா வைக்கும் மாசிவ் மிமோ யோசனையை 2010இல் முன்வைத்த தாமஸ் மார்செட்டா, பெல் லேப்ஸில் பல பத்தாண்டுகள் இருந்துவிட்டு 2017இல்தான் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

நாற்பது வயதில் தாமதமாகிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு: பிஎச்டி இருந்து, காப்புரிமைகளோ தரநிலைப் பங்களிப்புகளோ இருந்தால் வழி உண்டு. ஆனால் கம்பெனியில் இருக்கும்போதே கொஞ்சமாவது வெளியில் தெரியும்படி எழுதுங்கள். உள்ளறிக்கைகளை எந்தத் தேர்வுக்குழுவும் படிக்க முடியாது.

பெண்கள் இந்தத் துறையில் குறைவு என்கிறார்களே?

குறைவுதான். வயர்லெஸ் ஆய்வில் முன்னணியில் இருக்கும் ஆண்ட்ரியா கோல்ட்ஸ்மித் 2020இல் மார்கோனி பரிசு பெற்றார். 1975 முதல் தரப்படும் அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். அவர் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராகவும் ஸ்டார்ட்-அப் நிறுவனராகவும் இருந்து, பிறகு பிரின்ஸ்டனில் பொறியியல் புல முதல்வராக இருந்தவர். வழியில் தரவைக் கலந்து அனுப்பும் நெட்வொர்க் கோடிங்கில் எம்ஐடியின் மூரியல் மெடார்ட் இருக்கிறார். சேரும் இடத்தில் மகப்பேறு விடுப்பின்போது டென்யூர் கடிகாரம் நிற்குமா, நின்றால் அதைக் குழு எப்படிப் பார்க்கிறது என்று நேராகவே கேளுங்கள். விதி இருப்பதும் நடப்பதும் வேறு வேறு.

தினசரி வேலை எப்படி இருக்கும்?

மாணவர் கட்டுரையைத் திருத்துவது. நிதி கேட்டு எழுதுவது. மற்றவர் கட்டுரையை மதிப்பிடுவது. கூட்டம். வகுப்பு. பரிந்துரைக் கடிதம். தனக்கென்று உட்கார்ந்து கணக்குப் போடும் நேரம் பதவி உயர உயரக் குறையும். முழுப் பேராசிரியர் ஆனபின் பெரும்பாலோர் கையால் புரோகிராம் எழுதுவதில்லை. அது பிடிக்காதவர்களுக்குத் தொழில்துறை ஆய்வகமே பொருத்தம், வருத்தப்பட ஒன்றுமில்லை.

கற்பித்தலில் இப்போது ஒரு புதுச் சிக்கல். ஏஐ என்று கேட்டதும் வகுப்பு நிரம்பும், சிக்னல் பிராசஸிங் வகுப்பில் பாதி நாற்காலி காலி. சிலர் இரண்டையும் ஒரே பாடமாக்கிவிட்டார்கள்: முதல் வாரம் இரைச்சலை வடிகட்டும் வீனர் ஃபில்டர், அடுத்து எல்எம்எஸ், அப்புறம் அதே சமன்பாட்டிலிருந்து நியூரல் நெட்வொர்க். கன்வல்யூஷன் என்ற பழைய சிக்னல் பிராசஸிங் கணக்கு 2012க்குப் பிறகு வந்த சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு வரும் மாணவர்களுக்கு இது நல்ல மருந்து.

ஐஇஇஇ ஃபெல்லோ என்பது பட்டமா?

பட்டமில்லை, கௌரவம். ஒரு வருடத்தில் வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு மேல் தர மாட்டார்கள். நீங்களே விண்ணப்பிக்க முடியாது, மற்றவர் முன்மொழிய வேண்டும்.

ஏஐ அலை ஓய்ந்துவிட்டால் என்ன ஆகும்?

ஏற்கெனவே ஓய்ந்திருக்கிறது, 1970களில் ஒரு முறை, 1980களின் கடைசியில் இன்னொரு முறை. அந்தக் காலங்களிலும் எல்எம்எஸ் மோடங்களில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போதைக்கு அலை தொலைத்தொடர்புப் பக்கம்தான் வீசுகிறது. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு 2023இல் வெளியிட்ட 6ஜிக்கான சட்டகம், ஆறு பயன்பாட்டுச் சூழல்களில் ஒன்றாக ஏஐயும் தொடர்பும் சேர்ந்ததைக் குறிப்பிட்டிருக்கிறது. 6ஜி 2030ஐ ஒட்டி வரும் என்று வைத்துக்கொண்டால், இன்று பிஎச்டியில் சேர்பவர் பட்டம் வாங்கி உதவிப் பேராசிரியராக விண்ணப்பிக்கும் சமயத்தில் முதல் நெட்வொர்க்குகள் ஓடத் தொடங்கியிருக்கும். தரநிலையில் ஏஐக்கு இடம் கொடுத்த எந்தெந்த யோசனைகள் நிஜமான கோபுரங்களில் தேறின, எவை தேறவில்லை என்பதை ஆராயும் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கும்.